அழுகையின் இரண்டாம் மொழி

2025 ஜனவரியில் இயக்குநர் டேவிட் லிஞ்ச் மறைந்தார். அதே ஆண்டு ஜூனில், அவருடைய படத்தில் ஒரேயொரு பாட்டைப் பாடி உலகெங்கும் அறியப்பட்ட ரெபேக்கா டெல் ரியோவும் மறைந்தார். இருவரையும் நினைத்துக்கொண்டு தருமபுரியில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடினோம். 2001இல் வெளியான 'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்தை மாடிப்படி அறையின் வெள்ளைச் சுவரில் மறுபடி பார்த்தோம். படத்தின் கதை என்ன என்பதில் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடு இல்லை. அந்தச் சச்சரவுக்கு இங்கே இடம் வேண்டாம். நடுவில் வரும் ஒரு பாட்டைப் பற்றியும், அது எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பற்றியும் மட்டுமே எழுத விரும்புகிறோம்.

பார்க்காதவர்களுக்காகக் காட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நினைவிழந்த ஒரு பெண், உறக்கத்தில் ஸ்பானிய மொழியில் ஏதோ பிதற்றுகிறாள். விழித்ததும் தோழியை அழைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டிய நேரத்தில் 'சிலென்சியோ' என்ற அரங்குக்குப் போகிறாள். மேடையில் ஒருவன் வந்து, இங்கே வாத்தியக்குழு கிடையாது, கேட்பதெல்லாம் ஒலிநாடா என்று பல மொழிகளில் திரும்பத் திரும்ப அறிவிக்கிறான். ஊதுகுழல்காரன் குழலை வாயிலிருந்து எடுத்த பிறகும் இசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்புறம் கண்ணுக்குக் கீழே ஒரு செயற்கைக் கண்ணீர்த்துளியை ஒட்டிக்கொண்டு ரெபேக்கா டெல் ரியோ தன் சொந்தப் பெயரிலேயே மேடையேறுகிறார். 'லாஸ் ஏஞ்சலிஸின் அழுகைக்காரி' என்று அறிமுகம் செய்கிறார்கள். (பிள்ளைகளை ஆற்றில் பறிகொடுத்துவிட்டு ஆற்றங்கரையெல்லாம் அழுதுகொண்டு அலையும் பெண்ணைப் பற்றி மெக்சிகோவில் ஒரு பழங்கதை உண்டு. அந்தப் பெயரைத்தான் இவருக்குச் சூட்டுகிறார்கள். நம் நீலிகளையும் நல்லதங்காளையும் அறிந்தவர்களுக்கு அவள் அந்நியமாகத் தோன்றமாட்டாள்.) பக்கவாத்தியம் ஒன்றும் இல்லாமல் பாடுகிறார். கேட்கும் இரு பெண்களும் அழுகிறார்கள். பாட்டின் உச்சத்தில் பாடகி மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பாட்டு மட்டும் நிற்காமல் தொடர்கிறது.

அந்தப் பாட்டு அமெரிக்கர்களுக்குப் புதியதல்ல. ராய் ஆர்பிசனும் ஜோ மெல்சனும் எழுதி, ஆர்பிசன் 1961இல் பாடிப் புகழ்பெற்ற 'க்ரையிங்' என்ற காதல்முறிவுப் பாட்டின் ஸ்பானிய வடிவம் அது. 'யோராண்டோ' என்று பெயர். சங்கதி எளியது. எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவன் பழைய காதலியைத் தற்செயலாகச் சந்திக்கிறான். அவள் கைகொடுத்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறாள். ஆறவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. அவ்வளவே. லிஞ்ச் 1986இல் எடுத்த 'புளூ வெல்வெட்' படத்துக்கே இந்தப் பாட்டை எண்ணியிருந்து, பின்பு ஆர்பிசனின் வேறொரு பாட்டை எடுத்துக்கொண்டார். பதினைந்து ஆண்டு கழித்து, வேறொரு குரலில், வேறொரு மொழியில் அது அவரிடம் திரும்பி வந்தது.

சுவரில் படம் முடிந்ததும் எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கேட்டார்: "ஓர் எழுத்துக்கூட எனக்குப் புரியவில்லை. பிறகு எதற்குத் தொண்டை அடைத்தது?"

உடனே ஒருவர் இசைக்கு மொழி கிடையாது என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் பிறகு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பதால்தான் அது இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது எங்கள் சந்தேகம். மொழி இல்லை என்றால் அந்த அம்மையார் வெறுமனே ஹம்மிங் செய்திருக்கலாமே? செய்திருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டோம். ஹம்மிங் நம்மிடமிருந்து எதையும் மறைப்பதில்லை. அதில் இருப்பதெல்லாம் காதுக்கு வந்துவிடுகிறது. தெரியாத மொழிப் பாட்டு அப்படியல்ல. ஏதோ ஒன்று மிகத் துல்லியமாக, சொல் பிசகாமல் சொல்லப்படுகிறது என்பது பாடுபவரின் முகத்திலும் மூச்சிலும் தெரிகிறது. அது என்ன என்பது மட்டும் நமக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டில் இரவில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசுவதைச் சுவருக்கு இந்தப்புறம் கேட்டவர்களுக்கு இது புரியும். சொற்கள் எட்டாததால் நாம் அமைதியாகத் தூங்கிவிடுவதில்லை.

இன்னொன்று. காதல் தோல்விப் பாட்டுகளின் சொற்கள் எந்த மொழியிலும் தேய்ந்த சொற்களே. போய்விட்டாள், அழுகிறேன், உலகம் பொய். ஆங்கிலம் அறிந்தவர்கள் அறுபதாண்டாய்க் கேட்டுக் கேட்டு 'க்ரையிங்' என்ற சொல்லே காதில் விழாத நிலைக்கு வந்திருப்பார்கள். மொழியை மாற்றியதும் தேய்மானம் போய்விடுகிறது. ஒலியிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆங்கிலச் சொல் மூக்கில் போய் முடிகிறது. ஸ்பானியச் சொல் திறந்த உயிரொலியில் முடிகிறது. அழுபவர் வாயை மூட இடமில்லை.

இந்த இடத்தில் எங்கள் தெலுங்கு நண்பர் (வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ்; இந்த மாவட்டத்தில் இதற்குத் தனி விளக்கம் தேவையில்லை) 'தேவதாஸ்' பேச்சை எடுத்தார். அங்கேதான் எங்கள் உரையாடல் ஊருக்குத் திரும்பியது.

சரத்சந்திரரின் நாவலை வேதாந்தம் ராகவய்யா 1953இல் தெலுங்கிலும் தமிழிலும் படமாக்கினார். நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்தனர். இசை சி. ஆர். சுப்புராமன். படம் முடிவதற்குள் இளம் வயதிலேயே அவர் காலமாகிவிட, மீதியை அவருடன் இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்தார்கள். இரண்டு மொழியிலும் நாயகனுக்குப் பாடியவர் கண்டசாலா. தெலுங்கில் 'ஜகமே மாயா', தமிழில் 'உலகே மாயம்'. ஒரே மெட்டு, ஒரே குரல், ஒரே போதை. ஆனால் இரண்டும் ஒரே பாட்டா?

அன்றிரவு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். தெலுங்கில் 'மாயா' என்று வாய் திறந்தபடியே நிற்கிறது. தமிழில் 'மாயம்' என்று உதடுகள் மூடிக்கொள்கின்றன. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தெலுங்குக் குடிகாரன் ஊரைப் பார்த்துச் சொல்கிறான், தமிழ்க் குடிகாரன் தனக்குள் சொல்லிக்கொள்கிறான் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது மறுக்கத் தோன்றவில்லை. அத்தோடு கண்டசாலாவின் தமிழ். நாவில் தெலுங்கு தங்கிய தமிழ் அது. இலக்கணம் பார்ப்பவர்கள் அதைக் குறையென்பார்கள். எங்களுக்கோ அந்தத் தடுமாற்றம்தான் தமிழ் தேவதாஸின் சொத்தாகப் படுகிறது. இந்த வீட்டில் பிறக்காதவன், இந்த வீட்டுத் திண்ணையில் விழுந்து கிடக்கிறான். தேவதாஸின் கதையே அதுதானே.

இதற்கு இன்னும் துலக்கமான சான்று மலையாளத்தில் இருக்கிறது. தகழியின் நாவலை ராமு காரியாட் படமாக்கிய 'செம்மீன்' (1965). வயலார் எழுதிய 'மானச மைனே வரூ' பாட்டுக்கு இசையமைத்த சலில் சௌத்ரி வங்காளி. பாடிய மன்னா டேயும் வங்காளி. காதலியைப் பறிகொடுத்த பரீக்குட்டி கடற்கரையில் பாடும்போது, அவன் மலையாளம் ஒரு மலையாளியின் மலையாளமாக இல்லை. கேரளத்தார் அதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்று சொல்வது தவறு. அதைத் தங்கள் நெஞ்சுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டார்கள். மரக்காயர் வீட்டுப் பையன் ஒருவன் கரையில் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்பதை, உச்சரிப்புச் சுத்தமான ஒரு குரல் இவ்வளவு சொல்லியிருக்குமா என்பது ஐயமே.

நம் இலக்கியச் சூழலில் 'டப்பிங் பாட்டு' என்று சொல்லி உதட்டைப் பிதுக்குவது ஒரு தகுதிச் சான்று போல ஆகிவிட்டது. வாயசைப்புக்குச் சொற்களை அடைத்துத் திணிக்கும் பாட்டுகள் நூற்றுக்குத் தொண்ணூறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவற்றுக்காக வாதாட நாங்கள் வரவில்லை. ஆனால் மூலம் தூய்மை, மறுவடிவம் கலப்படம் என்ற முன்முடிவு இந்த விஷயத்தில் பிழை. பாட்டு இன்னொரு மொழிக்குப் போகும்போது எதைத் தூக்கிக்கொண்டு போகிறது, எதை வாசலிலேயே விட்டுவிடுகிறது என்று பார்த்தால்தான் அதன் எலும்பு தெரிகிறது. ஆர்பிசனின் பாட்டு தன் பக்கவாத்தியங்களை விட்டுவிட்டுப் போனது. அதனால் அது ஏழையாகிவிடவில்லை.

மொழி மாறாமல் இடம் மட்டும் மாறினாலும் இது நிகழும். 1991இல் வந்த 'தளபதி'யில் வாலி எழுதி இளையராஜா இசையமைத்த 'யமுனை ஆற்றிலே' ஒரு சின்னப் பாட்டு. கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதை, அவ்வளவுதான். 2018இல் '96' படத்தில் பள்ளிக்காலம் முதல் நாயகன் கேட்டும் நாயகி பாடாமல் விட்ட பாட்டாக அது மாறுகிறது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து, மின்சாரம் போன இருட்டில், வாத்தியம் ஏதுமின்றி (சின்மயியின் குரலில்) அவள் பாடத் தொடங்கும்போது அவன் பதறி ஓடி வருகிறான். காத்திருப்பின் பாட்டு, காத்திருந்து கெட்டதன் பாட்டாகிவிடுகிறது. தம் பழைய பாட்டுகளை இப்படி எடுத்தாள்வதை இளையராஜா 2019இல் ஒரு நேர்காணலில் கடிந்துகொண்டார். அவர் தரப்பில் நியாயம் இருக்கக்கூடும். ஆனாலும் அந்த ஒரு காட்சியைப் பொறுத்தவரை நாங்கள் அவர் பக்கம் நிற்கவில்லை.

ஆர்பிசன் டெக்சாஸ்காரர், 1936இல் அங்கே பிறந்தவர். டெக்சாஸ் மெக்சிகோவை ஒட்டிய எல்லைப்புறம். லாஸ் ஏஞ்சலிஸோ பெயரிலேயே ஸ்பானியத்தைச் சுமக்கும் ஊர். ஆங்கிலத் திரைப்படத்தின் தலைநகரில், நள்ளிரவில், அடியில் கிடந்த மொழி மேலே வந்து அழுகிறது என்று அந்தக் காட்சியை வாசிக்க இடம் உண்டு. எல்லைப்புறத்து மனிதர்களாகிய எங்களுக்கு அப்படி வாசிக்கத்தான் தோன்றுகிறது.

தருமபுரியும் எல்லைதான். மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கோடு எங்கே போட்டாலும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கோட்டுக்கு இருபுறமும் மிச்சமிருக்கின்றன. ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம், புகையும் கல். அங்கே பரிசல் தள்ளுகிறவர் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடித்தால் தண்ணீர் ஒன்றும் கோபித்துக்கொள்வதில்லை. மனிதர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஒட்டி எழுந்த பூசலில் பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய திரையரங்குகள் தாக்கப்பட்டன. ஏப்ரல் 4 அன்று சென்னையில் திரையுலகினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். புளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த எங்கள் மாவட்டத்துக்கு 2013இல் காவிரித் தண்ணீர் வந்தது. அது வேறு கதை. ஆனால் அந்த நாட்களில் சந்தைக்கடையில் தம் வீட்டு மொழியைத் தாழ்ந்த குரலில் பேசியவர்களை நாங்கள் அறிவோம். குரல் ஒருமுறை தாழ்ந்தால் மறுபடி அதே உயரத்துக்கு வர நாளாகும்.

தாழாமல் இருந்த ஓர் இடம் சாவு வீடு. இதைத்தான் சொல்ல வந்தோம்.

இந்த மண்ணுக்கு ஒப்பாரி புதிதல்ல. தகடூர் என்ற பெயரில் இவ்வூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டுகள் புறநானூற்றில் (231, 232, 235) இருக்கின்றன. உரையில்லாமல் அவற்றை முழுக்கப் புரிந்துகொள்ளும் தமிழர் இன்று எத்தனை பேர்? எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் அவற்றை வாய்விட்டுச் சொல்லும்போது, உரை சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் அடங்கிப்போவதைப் பலமுறை பார்த்திருப்பதாகச் சொன்னார். தம்முடைய கேள்விக்குத் தாமே பதில் சொல்லிக்கொண்டது போல் இருந்தது.

எங்கள் பகுதித் தெருக்கூத்திலும் இது உண்டு. கர்ண மோட்சத்தில் பொன்னுருவி புலம்பும் இடம் விடியலுக்குச் சற்று முன்பு வரும். வேடம் கட்டியவர் விடிய விடியப் பாடிக் களைத்துக் குரல் கம்மி நிற்பார். அப்போது பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிக்கொண்டு தொடர்வார்கள். அழுகிறவர் நின்றாலும் அழுகை நிற்காது. வேடம் கட்டியிருப்பவர் ஆண், பக்கத்து ஊர்க்காரர், பகலில் களத்து வேலை செய்பவர் என்பதெல்லாம் எதிரே முக்காடிட்டு அமர்ந்திருக்கும் பெண்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இங்கே வாத்தியக்குழு கிடையாது என்று யாரும் மேடையேறி அறிவிக்கத் தேவையில்லை.

ஆகவே இப்போது சாவு வீடுகளில் பென் டிரைவில் ஒப்பாரி ஓடுவதைக் கேலி செய்ய எங்களுக்கு வாய் வரவில்லை. பந்தல் போட்ட கையோடு ஒலிபெருக்கியும் வந்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் பதிவுசெய்த குரல் அண்ணனை, அப்பனை, பெற்ற மகனை நினைத்து அழுகிறது. முறை மாறினாலும் யாரும் கவனிப்பதில்லை. போலி என்று சொல்லலாம்தான். ஆனால் ஒலிநாடாவுக்கு அழமாட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை அன்றைக்கு மொட்டை மாடியில் நாங்கள் இழந்துவிட்டோம்.

எங்கள் மனக்குறை வேறு. அந்தப் பென் டிரைவில் இருப்பது தமிழ் ஒப்பாரி மட்டும். அதுவும் எங்கோ ஒரு பட்டணத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் அடங்கிய, வட்டாரம் தெரியாத தமிழ். பென்னாகரம் பக்கத்துக் கன்னட வீடுகளின் புலம்பலும் பாலக்கோடு பக்கத்துத் தெலுங்கு வீடுகளின் புலம்பலும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படித்தார்கள், வேலைக்காக ஆங்கிலம் படித்தார்கள். பாட்டி சோறு போடும்போது பேசும் மொழி அவர்களுக்குப் பாதி புரியும், பேச வராது. பாட்டிகள் இருக்கும்வரை சாவு அந்த மொழியில் நடக்கும். அதற்குப் பிறகு ஒலிபெருக்கிக்காரர் கொண்டுவரும் மொழியில் நடக்கும். நாட்டார் வழக்காறுகளைத் தொகுப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஒப்பாரித் தொகுப்புகளும் நல்லவையாகவே வந்திருக்கின்றன. ஆனால் தமிழ் ஒப்பாரியைத் தொகுக்க வருகிறவர் வேறு மொழி வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறார். கன்னட ஒப்பாரியைத் தேடுகிறவருக்கு எல்லைக்கு இந்தப்புறம் வரத் தோன்றுவதில்லை. நடுவில் இருப்பவர்களின் அழுகை யாருடைய கணக்கிலும் சேருவதில்லை. தமிழ் இலக்கியம் பேசும் நாங்கள் அதைத் தமிழின் கணக்கில் சேர்த்துக்கொள்ளத் தயார். தமிழ்நாட்டு மண்ணில் தமிழரோடு வாழ்ந்து செத்தவர்களுக்காக அழுத அழுகை அது.

படம் பார்த்த சில வாரங்களில் பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் எங்கள் நண்பர் ஒருவரின் உறவில் சாவு. போயிருந்தோம். பந்தலில் பென் டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகலில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் கொண்டுவர ஆள் போனபோது உள்ளே ஒரு கிழவி தொடங்கினார். முதலில் தனியாக. பிறகு இரண்டு மூன்று பேர் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்தார்கள். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. கால்வாசிகூட எங்களுக்குப் பிடிபடவில்லை. இறந்தவரின் பேரன், ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் பையன், அதுவரை கைப்பேசியும் கையுமாய் ஆம்புலன்சுக்கும் பூவுக்கும் ஏற்பாடு செய்துகொண்டு நின்றவன், தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

காரியம் முடிந்த பிறகு அவன் எங்களிடம் வந்து, பாட்டி என்ன சொல்லி அழுதார் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா அண்ணா என்று கேட்டான். தெரியவில்லை. கைப்பேசியில் நாங்கள் பிடித்திருந்த பதிவில் ஜெனரேட்டர் சத்தம்தான் மேலோங்கியிருந்தது. எல்லோருமாகக் கிழவியிடமே போனோம். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை சொல்லுங்கள் அம்மா, எழுதிக்கொள்கிறோம் என்றோம்.

"சாவு எடுத்த ஊட்டுல மறுபடியும் பாடுனா ஆவாது கண்ணு. எனக்கும் அது சும்மா வாயில வராது," என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "நான் போறப்ப இவனுங்களக் கூப்புடு, வந்து எழுதிக்கிட்டும்," என்றார்.

அப்போது பாடுவது யார் என்று பையன் கேட்டான். அவர் இடிப்பதை நிறுத்தவில்லை.